தவக்காலத்தில் வந்த ரத்தக்காட்டேரி

காதலிக்கிற பையனுக்கு உலக சினிமா ரசனை இருக்கக் கூடாது. இரண்டில் ஒன்றைத்தான் கட்டி மேய்க்க முடியும். எழுபதுகளின் கடைசியில், ஏலக்காய் எஸ்டேட் ஊரான வண்டன்மேட்டில், நான் இரண்டையும் வைத்துக்கொண்டு அலைந்தேன்.

செலினுக்கு என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதம். அவள் அப்பாதான் இழுத்தடித்தார். அவர் எங்கள் மாதா கோயில் உபதேசியார்; சாமியார் வராத ஞாயிறுகளில் பிரசங்கம் அவருடையது. "பையன் பொறுப்பா என்ன செய்யுதான்னு பாப்போம்" என்பார். பார்க்கட்டுமே என்று எங்கள் ஃபிலிம் சொசைட்டியின் (மொத்தம் நாலு பேர், நான் செயலாளர்) முதல் படத்துக்கே அவரை அழைத்தேன். பழைய ஊமைப்படக் காட்டேரிக் கதையை யாரோ ஐரோப்பியர் சோகமாகத் திரும்ப எடுத்திருந்தார். நானும் அதைப் பார்த்ததில்லை. கோட்டயத்திலிருந்து படப்பெட்டி வந்ததே பெரிய பெருமை.

இடம், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர். காலம், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம். இங்கேதான் என் புத்தி மழுங்கிவிட்டது. வருஷாவருஷம் தவக்காலத்தில் அதே ஸ்டோரில் வெள்ளைத் துணி கட்டி இயேசுவின் பாடுகளைப் படமாகப் போடுவார்கள். "வெள்ளிக்கிழமை ஸ்டோர்ல படம்" என்று நான் சொன்னதுதான் தாமதம், எஸ்டேட்டே முக்காடும் ஜெபமாலையுமாக வந்து உட்கார்ந்துவிட்டது.

முதலில் வெகுநேரம் மூடுபனி. (அதுதான் எங்கள் வாசலிலேயே கிடக்கிறதே!) பிறகு மொட்டைத்தலை, வெளுத்த முகம், நீண்ட நகம்.

"இது யாருலே, பிலாத்தா?" என்றார், இயேசுவுக்குத் தீர்ப்பு எழுதியவனைத் தேடிக்கொண்டிருந்த ஒரு பெரியவர்.

பயத்தில் மைக்கைப் பிடித்தேன். "இவன்தான் சாத்தான்! கடைசில தோத்துருவான்!" என்று அடித்துவிட்டேன். கூட்டம் நிம்மதியாக ஜெபமாலை உருட்டியது.

அவன் தோற்கவில்லை. நாயகியின் கழுத்தைக் கடித்துவிட்டுச் சாவகாசமாகப் பனிக்குள் நடந்து போனான். படம் முடிந்துவிட்டது.

"சாத்தான ஜெயிக்க வச்சிட்டானே, பாவிப்பய!" என்று ஒரு அக்கா என்னைப் பார்த்து எழுந்தார். அவருக்குப் பின்னால் எல்லாரும் எழுந்தார்கள். செலின் முக்காட்டுக்குள் குலுங்கிக்கொண்டிருந்தாள். அழுகிறாள், கல்யாணம் போச்சு என்றே நினைத்தேன். உபதேசியார் வந்து மைக்கைப் பிடுங்கினார்.

"யாரும் கோவப்படாதிய. இது பாதிக் கதைதான். சாத்தான் எப்படித் தோத்தாம்னு ஞாயித்துக்கிழமை கோயில்ல நான் சொல்லுதேன்."

அந்த ஞாயிறு வாசல் வரை கூட்டம். உபதேசியார் கெஞ்சிக் கூப்பிட்டும் வராத ஆட்களெல்லாம் முன்வரிசையில் இருந்தார்கள். பிரசங்கம் முடிந்து வெளியே வந்தவர் என் தோளில் கை போட்டார்.

"மாப்ள, அடுத்த படம் எப்பம்?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. செலின் அன்று அழவில்லையாம், சிரிப்பை அடக்கியிருக்கிறாள். ஈஸ்டர் கழிந்ததும் கல்யாணம் நடந்தது.

இப்போதும் உங்கள் கல்யாணத்துக்கு யார் தரகர் என்று எவராவது கேட்டால் போதும், அவள் முந்திக்கொள்வாள்.

"ஒரு வெள்ளக்காரரு. நல்ல மனுசன்தான், பல்லுதான் கொஞ்சம் நீளம்."