மூன்று அங்குலம்

பிக்கப் வண்டியைத் தூக்கியிருந்த ஜாக்கின் பிடியிலிருந்து கையை எடுத்தால் யோகேந்திரன் செத்துப்போவான். கௌரிக்கு இது ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

பிக்கப்பின் உடல், அடியிலிருக்கும் இரும்புச் சட்டகத்தை விட்டு ஒரு பக்கமாக எழும்பி நின்றது. அந்த இடைவெளிக்குள் கணவனின் கை முழங்கைவரை போயிருந்தது. தலை பின்சில்லின் டயருக்குப் பக்கத்தில். ஜாக் எண்ணெயைக் கசியவிட்டு மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

"இறங்குதப்பா!"

"இறங்கினா அமத்து! எத்தினை தரம் சொல்லுறது?"

அமத்தினாள். இவன் செத்தால் யாரும் ஜாக்கைக் குற்றம் சொல்லமாட்டார்கள். "பெண்சாதிதானாம் பிடியை விட்டவள்" என்றுதான் சொல்வார்கள்.

"மெக்கானிக்கிட்டக் குடுத்திருக்கலாம்."

"குடுத்தா ரொக்ஸ்பரோச் சனம் முழுக்கத் தெரிஞ்சிடும். பேந்து குகநேசனின்ரை காதுக்கும் போயிடும்."

குகநேசன் கௌரியின் தங்கை யோகராணியின் கணவன். ஆற்றுக்கு அப்பால் லவாலில் வீடு. சகலன்கள் இருவரும் ஒரே நாளில், ஒரே இடத்தில், ஒரே வெள்ளை நிறத்தில், ஒரே மாதிரிப் பிக்கப் வாங்கியவர்கள். ஒருவன் வாங்கினால் மற்றவனுக்கு நித்திரை வராது. போன மாதம் கோயில் வாசலில் இரண்டும் அருகருகே நின்றபோதுதான் யோகேந்திரன் கண்டான்: குகநேசனுடைய பின்கதவு தன்னுடையதைவிட மூன்று அங்குலம் உயரத்தில் நின்றது.

"சொல்லாமல் கொள்ளாமல் உயர்த்திப்போட்டான்!"

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வாகனத்துக்கடியில் சாகத் துணிந்த மனிதனுக்கு ஒரு கேள்வி கேட்கத் துணிவில்லை. தன்னுடையதையும் உயர்த்த அவன் வரவழைத்த பன்னிரண்டு கட்டைகள் பெட்டியில் வந்து இறங்கின. ஒவ்வொன்றும் மூன்று அங்குலம். உடலுக்கும் சட்டகத்துக்கும் நடுவில் செருகி, நீளப் போல்ட் போட்டு இறுக்கவேண்டும். இன்று நாலு மணிக்கு யோகராணி வீட்டில் பிறந்தநாள் விழா. அதற்குள் முடியவேண்டும்.

"இன்னும் இறங்குது. கையை வெளிய எடுங்கோ!"

எடுத்தான். எடுத்த கையோடு குசினிக்குள் ஓடி, தேங்காய் திருவுகிற திருவலையைத் தூக்கி வந்து, அலகைக் கழற்றி எறிந்துவிட்டு, பலகையை ஜாக்குக்குப் பக்கத்தில் முண்டு கொடுத்தான்.

"அது அம்மா தந்தது!"

"நல்ல பலகை. தாங்கும்."

தாங்கியது. ஆனால் அடுத்த போல்ட் அசையவில்லை. போல்ட் கழற்றும் சாவியில் நீளக் குழாய் ஒன்றைச் செருகி அதன்மேல் ஏறிக் குதித்தான். போல்ட் முறிந்தது. மிச்சத்தைச் சுத்தியலால் அடித்தான். அப்பளம் அளவில் மண்ணிறத் தகடு ஒன்று கௌரியின் காலடியில் விழுந்தது.

"என்னப்பா இது?"

"துரு. ஸ்னோவுக்கு ரோட்டில உப்புப் போடுறாங்கள்தானே. எல்லா வாகனத்திலயும் இருக்கும்."

அவள் குனிந்து பார்த்தாள். பின்சில்லுக்கு மேலே, சட்டகத்தின் நீள இரும்பில் ஒரு பிளவு. விரல் உள்ளே போனது.

"இஞ்சை வெடிச்சிருக்கு."

"அது தண்ணி வடியிற ஓட்டை. கம்பனிக்காரன் விட்டது. நீ ஜாக்கைப் பார்!"

நாயோடு போன பக்கத்துவீட்டுக் கிழவி நின்று, "சா வா, மதாம்?" என்று பிரெஞ்சில் சுகம் கேட்டாள். திருவலை கிறீச்சிட்டது. "ஓம், ஓம், சா வா" என்றாள் கௌரி. பிடியை விடவில்லை.

முன்பக்கத்தை உயர்த்தியதும் ஹோர்ன் தானாக அலறத் தொடங்கியது. நிற்கவே இல்லை. தெரு முழுக்க யன்னல்கள் திறந்தன.

"வயர் இழுபடுது!" யோகேந்திரன் கைக்கு அகப்பட்ட வயரைப் பிடுங்கினான். ஹோர்ன் நின்றது. பிரேக் லைட்டும் நின்றது.

"இப்ப பின்னால வாறவனுக்கு நாங்கள் நிக்கிறம் எண்டு எப்பிடித் தெரியும்?"

"நிக்காமல் போவம்."

மூன்றரைக்கு வேலை முடிந்தது. பின்பக்கத்தைவிட முன்பக்கம் வானத்தைப் பார்த்தது.

"மூக்கு ஏன் மேல நிக்குது?"

"அது ஸ்டைல்."

சேலையோடு ஏறுவதற்குக் கௌரிக்குக் குசினி ஸ்டூல் தேவைப்பட்டது. லவால் பாலத்தில் ஏறியதும் பின்னால் 'டக்' என்றது. அவள் கண்ணை மூடினாள். கீழே ஆறு.

"என்னது?"

"புதுக் கட்டை. செட்டாகுது."

மறுபடி 'டக்'. இந்தமுறை இருக்கையே அசைந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவனுடைய விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. இவனுக்கும் பயம்தான் என்று தெரிந்ததும் அவளுடைய பயம் இரட்டிப்பாகியது.

எப்படியோ போய்ச் சேர்ந்தார்கள். யோகேந்திரன் சகலனின் பிக்கப்புக்குப் பக்கத்தில், ஒரு முழ இடைவெளியில் நிறுத்தினான். இறங்கினான். பின்னால் போய்ப் பார்த்தான். இரண்டு பின்கதவுகளும் ஒரே மட்டம்.

குகநேசன் வாசலுக்கு வந்தான். பிக்கப்பைப் பார்த்தான். பின்சில்லுப் பக்கம் குனிந்தான். முகம் வெளிறியது. விறுவிறென்று உள்ளே போய்விட்டான்.

"பார்த்தியே? எரியுது அவனுக்கு!" யோகேந்திரன் காலையிலிருந்து முதல்தடவையாகச் சிரித்தான்.

வடைத் தட்டோடு யோகராணி ஓடி வந்தாள்.

"அக்கா, அந்தப் பக்கம் நிக்காதை, இஞ்சாலை வா! அத்தான், நாங்கள் எங்கடையில ஒரு போல்ட்டையும் தொடேல்லை. உங்கடைதான் அடிச் சட்டகம் துருப்பிடிச்சு உக்கி, போன விண்டரிலயிருந்து பின்பக்கம் பதிஞ்சுகொண்டு போகுது, சொன்னா நீங்கள் கோவிப்பியளெண்டு இவர்தான் என்னைச் சொல்லவிடேல்லை!"