கடைசி சீசனைத் திட்டுவதற்காகவே வந்த ரிவர்சு

வடசென்னையில் ஒரு விஷயத்தை வெறுப்பதற்காகவே உயிரோடிருந்த ஒரே மனிதர் ரிவர்சுதான். பிள்ளைக்காக, பேத்திக்காக, ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்காக என்று பிடித்ததற்காக வாழ்கிறவர்கள் எல்லாத் தெருவிலும் உண்டு. ரிவர்சு வாழ்ந்தது ஒரு டிவி காமெடித் தொடரின் கடைசி சீசனைத் திட்டுவதற்காக. நான் அளக்கிறேன் என்று நினைப்பவர்கள் திருவொற்றியூரில் எங்கள் டயாலிசிஸ் வார்டுக்கு வந்து விசாரிக்கலாம். ஊசி போடுகிற சிஸ்டர் முதல் தரை துடைக்கிற அம்மா வரை எல்லோரும் சாட்சி.

அவருடைய நிஜப் பெயர் ஆஸ்பத்திரி ஃபைலில் பத்திரமாக இருந்தது. யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டாலும் அவர் திரும்பியிருக்க மாட்டார். துறைமுகத்துக்கு கன்டெய்னர் ஏற்றிப்போகும் டிரெய்லர் ஓட்டியவர். அவ்வளவு நீள வண்டியை ஒரு சந்துக்குள் பின்பக்கமாக, பீடி பிடித்துக்கொண்டே சொருகுவாராம். அதனால் ரிவர்சு. வண்டியை விட்ட பிறகும் பழக்கம் அவரை விடவில்லை. ஆட்டோவிலிருந்து முதுகைக் காட்டித்தான் இறங்குவார். வார்டுக்குள் யாரையாவது சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தால், படுத்த இடத்திலிருந்தே கட்டில் கம்பியைத் தட்டுவார். "வா... வா... லெப்ட்ல ஒடி... வா... ஆங், போதும்." நாற்காலியில் இருப்பவர், ரத்தம் சுத்தம் பண்ண வந்தோமா சரக்கு இறக்க வந்தோமா என்று குழம்பிப்போவார்.

கிட்னி போனதும் அந்த வண்டியால்தான் என்பார். துறைமுக கேட்டுக்கு முன்னால் டிரெய்லர்கள் வரிசையில் நின்றால் நிற்கும், நின்றுகொண்டே இருக்கும். ஒண்ணுக்குப் போக இறங்கினால் முன்வண்டி நகர்ந்துவிடும். பின்வண்டிக்காரன் வம்சத்தையே இழுத்துத் திட்டுவான். அதனால் தண்ணீரே குடிக்காமல் உட்கார்ந்திருப்பார்களாம். "அப்ப பக்கத்துலயே பாட்டில் கீது நைனா, நான் குடிக்கல. இப்ப நாக்கு வறண்டு சாவுறேன், குடிக்க வுட மாட்றாங்க." சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

எங்களுக்கெல்லாம் எடை மெஷின்தான் போலீஸ் ஸ்டேஷன். வீட்டில் திருட்டுத்தனமாகக் குடித்த தண்ணீரெல்லாம் அதில் கிலோவாக ஏறி நிற்கும். ரிவர்சு அதில் ஏறும் முன் செருப்பைக் கழற்றுவார், பெல்ட்டைக் கழற்றுவார், கடைசியில் பல்செட்டையும் கழற்றி என் கையில் கொடுப்பார்.

"ஐயா, தண்ணி குடிச்சீங்களா?" என்பார் சிஸ்டர்.

"தண்ணியா? தொடவே இல்லம்மா. தர்பூசணி தான் துன்னேன்."

வார்டில் ஒரு சட்டம் இருந்தது. யார் போட்டதென்று தெரியாது. காலை ஷிப்டில் யாருக்கு முதலில் ஊசி ஏறுகிறதோ, டிவி ரிமோட் அவருக்கு. ஊசி என்றால் காய்ச்சலுக்குப் போடுகிற ஊசி இல்லை. கோணி தைக்கிற ஊசிக்குச் சொந்தத் தம்பி. அதனால் எல்லோரும் பாத்ரூம் போவது, போன் பேசுவது, சாமி கும்பிடுவது என்று நேரத்தை ஓட்டுவோம். ரிவர்சு மட்டும் வீட்டிலிருந்தே இடது கைச் சட்டையைத் தோள்வரை மடித்துக்கொண்டு வருவார். சிஸ்டர் கையுறை மாட்டுவதற்குள் கை நீட்டியிருக்கும். ஊசி ஏறும்போது அவர் பார்ப்பது ஊசியை அல்ல, ரிமோட்டை.

எல்லாம் 'மேல்மாடி காலியில்லை' தொடருக்காக. எத்தனையோ வருஷமாக ஓடிய காமெடி. ஒரு பழைய வீடு, ஒரு கிழட்டு ஹவுஸ் ஓனர், குடித்தனக்காரர்கள், ஸ்டார்ட் ஆகாத ஒரு ஸ்கூட்டர். பதினோரு மணிக்குப் பழைய சீசன்களைத் திரும்பப் போடுவார்கள். பன்னிரண்டு மணிக்குப் புதிதாக வந்துகொண்டிருந்த கடைசி சீசன். ஒரே ஊசியில் இரண்டும். பதினோரு மணிக்கு ரிவர்சு குழந்தை. பன்னிரண்டு அடித்தால் பின்வண்டிக்காரன்.

"மொதோ சீசன்ல இன்னா இருந்துச்சி? நாலு குடித்தனம், ஒரே பாத்ரூமு, ஒரே மோட்டரு. அவனவன் சோப்பு டப்பாவத் தூக்கிகினு க்யூல நிப்பான். சண்ட வரும், சிரிப்பு வரும். இப்ப பாரு, இடிச்சி பிளாட்டு கட்டிட்டானுங்க. தனித்தனி பாத்ரூமு. எவனுக்கு எவன் கிட்ட இன்னா பேச்சு கீது?"

இதற்குப் பதில் சொல்ல ஒரே ஆள் தேசம்மா. ஜன்னலோரக் கட்டில் ரிவர்சுக்கு, சுவரோரக் கட்டில் தேசம்மாவுக்கு, நடுவில் நான், அவர்கள் வாயில் 'நைனா'. காசிமேட்டில் மீன் ஏலம் கூவியவர். கிட்னிதான் போயிருந்தது, குரல் போகவில்லை.

"யோவ், வூடு கண்ணாடி மாரி கீது, பொம்பளைங்க கலர் கலரா சேல கட்டிகினு வராளுங்க. உனுக்கு இன்னாய்யா பேஜாரு?"

"சேல பாக்கணும்னா கடைக்குப் போ."

"இந்த மெசின அவுத்து வுடச் சொல்லு, போறேன்."

"அப்பல்லாம் டிவில எவனும் சிரிக்க மாட்டான், நாம சிரிப்போம். இப்ப டிவிக்குள்ளயே எவனோ கெக்கெக்கேன்னு சிரிக்கிறான். நம்மளுக்கு வேலயே இல்ல."

அவருக்கு மிகப் பெரிய கோபம் அந்த ஸ்கூட்டர் மேல். பழைய சீசன்களில் ஹவுஸ் ஓனர் உதைத்து உதைத்துப் பார்ப்பார். கடைசியில் வீடே சேர்ந்து தள்ளிக்கொண்டு போகும். கடைசி சீசனில் அதற்குப் பெயின்ட் அடித்து, லிப்டுக்குப் பக்கத்தில் காட்சிக்கு வைத்துவிட்டார்கள். ஹவுஸ் ஓனராக நடித்தவருக்கும் நிஜமாகவே வயதாகிவிட்டிருந்தது. எல்லாக் காட்சியிலும் அவரை சோபாவிலேயே உட்கார வைத்திருந்தார்கள். அதை முதலில் கண்டுபிடித்தவரும் ரிவர்சுதான்.

"அந்த ஆளு எழுந்து நிக்கிறதே இல்ல, கவனிச்சியா நைனா? நாலாவது சீசனோட நிறுத்தியிருக்கணும். நல்லாக் கீறப்பவே எழுந்து போயிடணும். இழுத்துகினு கெடக்கக் கூடாது."

தொடரைத்தான் சொல்கிறார் என்று நாங்கள் சிரித்தோம்.

எங்கள் வார்டில் கட்டில் காலியானால் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. டிரான்ஸ்பர் என்று சொல்லிக்கொள்வோம். அந்த வருஷம் டிரான்ஸ்பர் அதிகம். எதிர்வரிசையில் சீட்டாடிய இரண்டு பேரும் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். ரிவர்சுக்குக் கால் வீங்கியது. சோறு இறங்கவில்லை. மணலி ஃபேக்டரிகள் பக்கமிருந்து காற்று அடித்து கேஸ் வாடை வந்தால் மூச்சு இரைத்தது. ஆனாலும் பன்னிரண்டு மணிக்குத் திட்டு மட்டும் குறையவில்லை.

ஒரு நாள் அவருடைய மகள் செல்வி, தேசம்மாவை வராந்தாவில் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"அத்தே, அப்பா இனிமே வரமாட்டேங்குது. அந்தத் தொடரு முடியிற வரிக்கும் தான் வருவேன், அதோட நிறுத்திக்கிறேன்னு சொல்லுது. வெளாட்டுக்குச் சொல்லல அத்தே."

நிறுத்தினால் என்ன ஆகும் என்று எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தொடரோ முடியப்போகிறது என்று டிவியில் நாள் முழுக்க விளம்பரம்.

கடைசிப் பகுதியை எல்லோரும் படுத்தபடியே பார்த்தோம். ஹவுஸ் ஓனரை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்து அந்த ஸ்கூட்டர் மேல் உட்கார வைத்தார்கள். சாவியைத் திருப்பினார். ஸ்டார்ட் ஆகிவிட்டது. எல்லோரும் கைதட்ட, வயலின் வாசிக்க, தேசம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கெடுத்துட்டானுங்க" என்றார் ரிவர்சு. "அது ஸ்டார்ட் ஆவாததுனால தான் எல்லாரும் தள்ளிகினு ஒண்ணாக் கீறாங்க. ஸ்டார்ட் ஆச்சின்னா அவனவன் போயிடுவான்." ரிமோட்டை என் கட்டிலில் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். போட்டதைப் பார்த்தால் திரும்ப வாங்கிக்கொள்கிற உத்தேசம் தெரியவில்லை.

"யோவ் ரிவர்சு" என்றார் தேசம்மா. "அடுத்த தபா வர மாட்டியாமே?"

ரிவர்சு கண்ணைத் திறக்காமலே பேசினார்.

"இதுவும் ஒரு சீசனா தேசம்மா? வண்டி ஓட்டுனேன், கெத்தா இருந்தேன். அது சீசனு. இப்ப கால தூக்கி வைக்க ஒருத்தன், சட்ட மாட்ட ஒருத்தி. இது வேஸ்ட்டு."

"வேஸ்ட்டு தான். நல்லாகீதுன்னு நான் எப்ப சொன்னேன்? சேல நல்லாகீதுன்னு தான் சொன்னேன்." தேசம்மாவின் ஏலக் குரல் முதல் தடவையாக இறங்கியிருந்தது. "நான் பாத்ததெல்லாம் அந்தக் கெய்வனத் தான். நிக்க முடியல. பேச்சு கொழறுது. ஆனாலும் சட்டையப் போட்டுகினு வந்து குந்திகிறாரு பாரு, அத்த தான் பாத்தேன்."

தேசம்மா ஒரு மூச்சு விட்டுவிட்டுப் பழைய குரலுக்குத் திரும்பினார்.

"வராதே. உன் இஷ்டம். ஆனா நீ வரலன்னா மொத ஊசி எனுக்கு. ரிமோட்டும் எனுக்கு. இதே கடைசி சீசன மொதல்லேர்ந்து மறுபடி போடப் போறானுங்களாம். சவுண்ட ஃபுல்லா வெச்சி பாப்பேன். நைனா நடுவுல படுத்துகினு சாவட்டும்."

ரிவர்சின் கண் திறந்தது. "அந்தக் கலீஜ ரெண்டாம் தபா போடுவியா?"

"போடுவேன். கைதட்டி வேற பாப்பேன்."

ரிவர்சு பல்லைக் கடித்தார். பல்செட் என்பதால் வார்டு முழுக்கக் கேட்டது.

அடுத்த முறை நாங்கள் போனபோது வாசலில் ஓர் ஆட்டோவிலிருந்து ஒரு முதுகு இறங்கிக்கொண்டிருந்தது. இடது கைச் சட்டை தோள்வரை மடித்திருந்தது. நேராகப் போய்ப் படுத்துக் கையை நீட்டினார். ஊசி ஏறியதும், "ரிமோட்டக் குடு" என்றார். தேசம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிப்பை மறைத்தாரா, வேறு எதையாவதா, எனக்குத் தெரியாது.

அந்தக் கோபம் அவரை அந்தக் கோடை முழுக்க ஓட்டியது. கடைசி சீசன் மறுபடி ஓடியது. அவர் மறுபடி திட்டினார். இந்தத் தடவை அடுத்து வரும் வசனத்தை முன்னாலேயே சொல்லித் திட்டினார். ரிமோட் அவர் கையில்தானே இருந்தது, மாற்றியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். "மாத்திட்டா இன்னாத்தத் திட்டுறது நைனா?" என்றார்.

மழைக்காலம் தொடங்கும் முன் ஒரு காலை அவர் வரவில்லை. கொருக்குப்பேட்டை வீட்டில் சட்டையை மாட்டி, இடது கையை மடித்து, நாற்காலியில் உட்கார்ந்து ஆட்டோவுக்குக் காத்திருந்திருக்கிறார். ஆட்டோ வந்தபோது உயிர் இல்லை. செல்வி சொன்னது இவ்வளவுதான்: "லேட்டா போனா தேசம்மா புடுங்கிக்கும்னு சீக்கிரம் கெளம்பிச்சி."

சாவுக்குப் போனோம். எடுத்துப்போக வந்த வேன் அவர் வீட்டுச் சந்துக்குள் பின்பக்கமாக நுழைய வேண்டும். டிரைவர் இரண்டு தடவை சுவரில் இடித்தார். மூன்றாவது தடவை சாக்கடையில் ஒரு சக்கரம். நாலு பேர் நாலு விதமாகக் கத்தினார்கள். அந்தச் சந்தில் ரிவர்ஸ் எடுக்கத் தெரிந்த ஒரே ஆள் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தார். தேசம்மா, நாலடி நடப்பதற்கே திணறுகிறவர், என் தோளைப் பிடித்துக்கொண்டு போய் வேனின் முதுகைத் தட்டினார்.

"வா... வா... லெப்ட்ல ஒடி... வா... ஆங், போதும்."

வேன் ஒழுங்காக உள்ளே வந்து நின்றது. அப்புறம்தான் அவர் அழுதார்.

இப்போது ஜன்னலோரக் கட்டிலில் வேறொருவர். சட்டம் மாறவில்லை, முதல் ஊசிக்குத்தான் ரிமோட். யாரும் முந்துவதில்லை என்பதால் தேசம்மாதான் கையை நீட்டுகிறார். பதினோரு மணிக்கு முதல் சீசன். ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகாது, எல்லோரும் தள்ளுவார்கள். பன்னிரண்டுக்குக் கடைசி சீசன் இன்னும் சுற்றிச் சுற்றி வந்துகொண்டுதான் இருக்கிறது. சேனல்காரர்களுக்கு வேறு சரக்கு இல்லை. அது தொடங்கியதும் தேசம்மா சவுண்டைச் சுத்தமாக அணைத்துவிடுவார். படம் மட்டும் ஓடும்.

ரிவர்சு திட்டுவது காதில் விழ வேண்டுமே.