பொம்மை கட்டியிருந்த வேட்டி

போடிநாயக்கனூரில் அந்தக் காலத்தில் போலீஸ் ஸ்டேஷன் என்று ஒன்று இருந்தது. எதற்கு இருந்தது என்பதுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஊரில் யார் பொய் சொல்கிறான், யார் வீட்டில் சண்டை, யார் பட்டினி விரதம் என்று சொல்லிவிட்டு எங்கே பிரியாணி சாப்பிட்டான் என்பதெல்லாம் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அவர் வெள்ளாவி.

வெள்ளாவி எங்கள் ஊர்ச் சலவைக்காரர். அழுக்குத் துணியை உவர்மண்ணில் முக்கி, பானை மேல் அடுக்கி ஆவியில் வேகவைப்பதை வெள்ளாவி வைப்பது என்பார்கள். அதுவே அவர் பெயராகிவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம். மனிதர்களின் முகத்தைப் பார்க்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. வேட்டியைப் பார்த்துத்தான் பேசுவார்.

"அய்யா நேத்து மாமியார் வீட்டுக்குப் போயிருந்தீகளோ?" என்று ஒருநாள் என் இடுப்பைப் பார்த்துக் கேட்டார்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"முன்னால பாயாசம். பின்னால செவத்துச் சுண்ணாம்பு. மாமனார் பேசப் பேச நீங்க சாஞ்சு தூங்கியிருக்கீக."

ஒரு சாவு வீட்டில் எல்லோரும் மாரில் அடித்துக்கொண்டு அழும்போது, கொள்ளி வைக்க வந்த மூத்த மகனின் வேட்டி நுனியைப் புரட்டிப் பார்த்து, "இது எதுத்த வீட்டு உருப்படியாச்சே" என்று சொன்னவர் அவர். வேட்டி எப்படி இடம் மாறியது என்ற விசாரணையில் பிணம் இரண்டு மணி நேரம் காத்திருந்தது.

நான் அப்போது ஒரு ஏலக்காய் மண்டியில் குமாஸ்தா. துப்பறியும் நாவல் பைத்தியம் வேறு. கொலை நடக்காத ஊரில் பிறந்துவிட்டோமே என்று உண்மையாகவே வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன். அந்த வருத்தத்துக்கு எனக்குச் செருப்படி கிடைத்தது.

பெரிய யுத்தம் முடிந்த சமயம். ஏலமலையில் பல வருஷம் கூலி வேலை பார்த்த ஐந்து குடும்பங்கள் கீழே இறங்கி வந்து, ஊருக்குத் தெற்கே ஆற்றோரம் வீடு கட்டிக்கொண்டன. ஊர்க்காரர்கள் தொடக்கூடாது என்று ஒதுக்கி வைத்திருந்த சாதி. அவர்கள் துணியை ஊர்ச் சலவைக்காரர் வெளுக்கக் கூடாது, அவர்கள் வெள்ளை வேட்டி கட்டிச் சந்தைக்கு வரக்கூடாது என்பது கட்டுப்பாடு. வெள்ளாவி வெளுத்தார். கேட்டவர்களிடம், "அவுக அழுக்கு மண்ணழுக்கு, ஒரே அடியில போயிரும். உங்க அழுக்குத்தான் பிசுபிசுன்னு போகமாட்டேங்குது" என்றார். அந்த வாரம் ஐந்து வீட்டு ஆண்களும் வெள்ளை வேட்டியோடு சந்தைக்கு வந்தார்கள்.

மூன்றாம் நாள் காலையில் முதல் பொம்மை வந்தது.

போடிமெட்டுப் பக்கமிருந்து மஞ்சு இறங்கி, எதிரே நிற்பவர் தெரியாத காலை. அந்த ஐந்து வீடுகளில் ஒன்றான மாயாண்டி வீட்டு முன் புளியமரத்தில் அது தொங்கியது. வைக்கோல் உடம்பு, கரிச்சட்டித் தலை, சுண்ணாம்பில் கண், இடுப்பில் வெள்ளை வேட்டி. மாயாண்டி வலது காலை இழுத்து நடப்பவர். பொம்மைக்கும் வலது கால் அரைச்சாண் குட்டை. செய்தவன் எங்கோ நின்று, அவர் நடையை நாள் கணக்கில் பார்த்திருக்கிறான். மறுநாள் மாயாண்டியின் வைக்கோல் படப்பு எரிந்து கிடந்தது.

இரண்டாவது பொம்மை வேலம்மாள் வீட்டில். வேலம்மாள் நிறைமாத கர்ப்பிணி. பொம்மைக்கும் வயிறு முட்ட வைக்கோல் திணித்திருந்தது. மறுநாள் அவளுடைய இரண்டு ஆடுகளும் கழுத்து திருகிக் கிடந்தன.

போடிமெட்டு மலைப் பேய் அவர்கள் பின்னாலேயே இறங்கி வந்துவிட்டது என்று ஊர் முடிவு கட்டியது. ஏட்டு வந்து பார்த்தார். உடனே ஒரு தாயத்து வாங்கித் தன் கையில் கட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டார். நான் விடுவேனா? காலடித் தடங்களை நூல் பிடித்து அளந்தேன். ஒரே ஆளின் தடம், இடது கால் கட்டைவிரல் சற்று விலகியது என்று கண்டுபிடித்தேன். பிறகு என் காலைப் பார்த்தேன். நான்தான்.

வெள்ளாவி எதையும் அளக்கவில்லை. ஒவ்வொரு முறையும் வந்து பொம்மையின் வேட்டியை அவிழ்த்து, உதறி, மடித்துக் கொண்டுபோனார்.

"ஏப்பா, அது சாட்சி!" என்று கத்தினேன்.

"நல்ல மல்லு வேட்டி அய்யா. வீணாப் போகப்பிடாது."

மூன்றாவது பொம்மை சிறியது. ஐந்து வயதுப் பிள்ளை உயரம். வேட்டியை நாலாக மடித்துக் கட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் யாரும் அழவில்லை. ஐந்து வீட்டிலும் பாத்திரங்களை மூட்டை கட்டத் தொடங்கினார்கள். மறுபடி மலைக்குத்தான். நிறைமாதக்காரியையும் நடத்தித்தான் கூட்டிப் போகவேண்டும்.

வெள்ளாவி அந்த வேட்டியை அவிழ்த்து, என் முன்னே விரித்துக் காட்டினார். நுனியில், வெளுத்தாலும் போகாத சேங்கொட்டை மையில் ஒரு கோடு, கீழே இரண்டு புள்ளி. எந்த உருப்படி எந்த வீடு என்று தெரிய அவர் போடும் குறி. அவரைத் தவிர யாருக்கும் அதைப் படிக்கத் தெரியாது.

"மொத நாளே தெரியும் அய்யா" என்றார். "மேலவீட்டுக் குறி. வாயத் தொறந்தா எம் பொழப்புப் போயிரும்னு பயந்து கெடந்தேன். பிள்ளைக்கும் பொம்மை கட்டிட்டானே."

மேலவீடு ஊரிலேயே பெரிய வீடு. அங்கே வேட்டியை அவிழ்த்துப் போடத்தான் தெரியும். அது யார் கையால் போய் யார் கையால் திரும்புகிறது என்று யாரும் யோசித்ததில்லை. குறியைக் கிழித்தெறிய வேண்டும் என்றுகூட அவர்களுக்குத் தோன்றவில்லை. படிக்கத் தெரிந்தவன் நம் வீட்டு ஆள்தானே, அவன் எங்கே பேசப்போகிறான் என்ற நினைப்பு.

"ஏட்டிடம் சொல்வோம்" என்றேன்.

"ஏட்டய்யா சட்டையில சனிக்கெழம தவறாம மேலவீட்டுக் கறிக்கொழம்புதான் இருக்கு" என்றார் வெள்ளாவி.

அன்று சந்தை நாள். உச்சி வெயிலில், கூட்டத்தின் நடுவே, தலையில் சின்ன மூட்டையோடு வந்தார். எப்போதும் பின்வாசலில் நிற்பவர் அன்று சந்தையைப் பார்த்திருந்த மேலவீட்டுத் தலைவாசலில் நின்றார். பெரியவரும் இளைய மகனும் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள்.

"எசமான், உருப்படி கொண்டாந்திருக்கேன். மூணு."

"பின்னால போய்ப் போடுறா."

"இது உங்க வீட்டுல எடுத்த உருப்படி இல்ல எசமான். தெக்குத் தெருவுல பொம்மை கட்டியிருந்துச்சு. உங்க குறி. வெளுத்துட்டேன். பெரியவுக வேட்டி ஒண்ணு, சின்னவுக வேட்டி ரெண்டு."

சந்தைக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இளைய மகன் எழுந்து உள்ளே போய்விட்டான்.

"எங்க வேட்டி இல்ல" என்றார் பெரியவர்.

"அப்ப எங் குறி பொய்யின்னு ஆகுது எசமான். அப்படின்னா ஊர்ல இன்னைக்கு யாரும் அவுகவுக வேட்டியக் கட்டல."

கூட்டத்தில் ஒருவர் குனிந்து தன் வேட்டி நுனியைப் பார்த்தார். அடுத்தவர் பார்த்தார். சற்று நேரத்தில் சந்தை முழுக்கக் குனிந்திருந்தது. சிரிப்பதா பயப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை. பெரியவர் கை நீட்டி மூன்று வேட்டிகளையும் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார். நான் கூட்டத்தில் நின்றேன். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வெட்கம் இன்னும் எனக்குப் போகவில்லை.

தெற்குத் தெருவில் மூட்டைகளை அவிழ்த்தார்கள். வழக்கு ஏதும் இல்லை. பேய்தான் என்று ஏட்டு கடைசிவரை சாதித்தார். மேலத்தெரு வீடுகள் ஒவ்வொன்றாக வெள்ளாவிக்குத் துணி போடுவதை நிறுத்தின.

பத்து நாள் கழித்து, மஞ்சு கலையாத காலையில், சலவைத் துறையில் அவர் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பொம்மை நின்றது. அவரைப் போலவே கூன், அவரைப் போலவே தலைப்பாகை. இடுப்பில் கஞ்சி கலையாத புது வேட்டி, குறியே இல்லாதது. எங்கள் பக்கம் பிணத்துக்குத்தான் கோடித்துணி போர்த்துவோம். சேதி எனக்கே புரிந்தது. அவருக்குப் புரியாமலா இருக்கும்?

பொம்மையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். துணியைத் தடவிப் பார்த்தார்.

"புத்தி வந்திருச்சு பாருங்க, குறி இல்லாமக் கட்டியிருக்காக" என்று சிரித்தார். "அம்பது வருசமா ஊர் வேட்டி பூராவும் எங் கையிலதான். எனக்குக் கோடி எடுத்துக் குடுத்தது இவுகதான் அய்யா."

அவிழ்த்து அங்கேயே கட்டிக்கொண்டார். கஞ்சி விறைப்பில் முடிச்சு நிற்கவில்லை. நான் போய் முடிந்துவிட்டேன். அதற்குள் மாயாண்டியும் வேலம்மாள் புருஷனும் மற்றவர்களும் அழுக்கு மூட்டைகளோடு வந்து, அவரைச் சுற்றியிருந்த கற்களில் உட்கார்ந்தார்கள். அன்று இருட்டும்வரை அவர்கள் எழுந்திருக்கவில்லை.

"எப்படி அய்யா இருக்கு?" என்று வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டார்.

ஊரில் ஒருவரும் அவரை முறை வைத்துக் கூப்பிட்டதில்லை. நானும்தான். அன்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"நல்லா இருக்குண்ணே."