விசிலின் மறைவுக்கு ஒரு மறுப்பு

கிட்ட வாங்க, கண்ணுகளா. மின்விசிறிக்குக் கீழே இடம் பிடிக்கச் சண்டை போடாமல் உட்காருங்கள். இன்றைக்கு ஒரு கோபக் கதை சொல்லப்போகிறேன். சங்கரன்கோவிலில் ஒரு மனிதர் ஒரு வாரம் கத்திய கத்தலை அப்படியே அள்ளிக்கொண்டு வந்திருக்கிறேன். காது வலித்தால் என்னைத் திட்டக் கூடாது. கடைசிவரை இருந்துவிட்டுப் போங்கள், அது போதும்.

புதன்கிழமை காலை. வேல்சாமி என்கிற அந்த மனிதரின் மனைவி ராஜகுமாரி வாசல் கம்பிக்கதவில் செருகியிருந்த தாளை எடுத்துப் படித்தாள்.

நாட்டு நாய் வளர்ப்போர் சங்கத்தின் காலாண்டுச் செய்தித்தாள் அது. யார் வீட்டில் எத்தனை குட்டி, எந்த நாய் ஜோடி தேடுகிறது என்று வழக்கமான சமாச்சாரங்கள். நடுவில் கறுப்புக் கட்டம் கட்டி இப்படிப் போட்டிருந்தது:

'மறைவு: சங்க உறுப்பினர் வேல்சாமி (ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர்) அவர்களின் விசில் – சிப்பிப்பாறை, ஆண், வயது நான்கு – பாம்பு கடித்து மறைந்தது. சங்கம் ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறது.'

அதற்கு நேர் கீழே: 'வரும் ஞாயிறு நாய்க் கண்காட்சி. சென்ற ஆண்டு பரிசு வாங்கிய நாய்கள் தாமாகவே சேர்க்கப்பட்டுள்ளன. பட்டியலில் முதலாவது: விசில்.'

"மேல செத்து, கீழ போட்டிக்கு வருதாக்கும்! இவனெல்லாம் ஒரு செயலாளரு!" என்று ராஜகுமாரி பல்லைக் கடித்தாள்.

அது பொய்ச் செய்தி என்பதால் வந்த கோபம் இல்லை, ராசாக்களா. உண்மைச் செய்தி என்பதால் வந்த கோபம்.

மூன்று மாதத்துக்கு முன்பு வேல்சாமிக்கு நெஞ்சுவலி. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் படுக்கை. மாற்றுச் சேலை எடுக்க ராஜகுமாரி வீட்டுக்கு வந்த அன்றுதான், விறகுக்குள் கிடந்த விரியன் விசிலைப் போட்டது. ஆட்டோவில் மடியில் வைத்து மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினாள். பாதி வழியிலேயே அது தலையைத் தொங்கப்போட்டுவிட்டது.

"மனசு உடையுற மாதிரி எதையும் அவர்கிட்ட சொல்லிராதீங்க. கோபப்படவும் விடாதீங்க" என்று இதய டாக்டர் சொல்லியிருந்தார். இரண்டாவதை யாராலும் செய்ய முடியாது. முப்பது வருஷம் ஓடுகிற பஸ்ஸில் கத்தியே வளர்ந்த தொண்டை அது. முதலாவதையாவது செய்வோம் என்று ராஜகுமாரி குருவிகுளத்துக்கு ஓடினாள்.

அங்கே ஆடு மேய்க்கிற செல்லப்பாவிடம் வாங்கிய குட்டிதான் விசில். அதோடு ஒரே ஈற்றில் பிறந்த அண்ணன் ஒன்று அவரிடம் ஆட்டுக்கிடைக் காவலுக்கு இருந்தது. அதே சந்தன நிறம், அதே ஒட்டிய வயிறு, அதே நெட்டைக் கால். செல்லப்பா விசிலைச் சாக்கில் கட்டி எடுத்துப்போய்த் தன் தோட்டத்தில் புதைத்தார். அண்ணன்காரனை ராஜகுமாரியிடம் கொடுத்தார்.

வித்தியாசம் இரண்டே இரண்டு. விசிலுக்கு வால் நுனி வெள்ளை, இதற்கு இல்லை. அதற்கு ராஜகுமாரி தினமும் காலையில், ஷூவுக்குப் பூசுகிற வெள்ளைப் பாலிஷைத் தொட்டு வைத்தாள். இன்னொன்று, இது 'விசில்' என்றால் திரும்பியே பார்க்காது. இதன் பெயர் சொக்கன். அதற்கும் வழி கண்டுபிடித்தாள்: "சொக்கநாதா!" என்று கும்பிட்டுப் பெருமூச்சு விடுவாள். நாய் ஓடி வரும்.

"நீ சாமியக் கூப்பிட்டா நாய் வருது. நான் நாயக் கூப்பிட்டா சாமி மாதிரி அசையாம இருக்கு" என்று வேல்சாமி ஒருநாள் சொன்னார். அவள் அவசரமாக அடுப்படிக்குள் போனாள். நல்லவேளை, மேலே எதுவும் கேட்கவில்லை.

இப்படி மூன்று மாதம் ஓட்டியாயிற்று. இப்போது இந்தத் தாள்!

ராஜகுமாரி அதைச் சுருட்டி அடுப்பில் போட்டாள். எரிந்து முடிவதற்குள் வாசலில் பைக் சத்தம். சிவகிரி ஞானதுரை, சங்கத்து ஆள், கையில் ரோஜா மாலையோடு நின்றார்.

"அண்ணாச்சி... இப்பதான் படிச்சேன். நம்ம விசில் இப்படி அல்பாயுசுல..."

வேல்சாமி நாற்காலியிலிருந்து எழுந்தார். நாய் அவர் காலடியிலிருந்து எழுந்தது. ஞானதுரை மாலையோடு ரெண்டடி பின்னால் போனார்.

"ஏவே! உயிரோட இருக்கிற நாய்க்கு மாலை கொண்டாந்திருக்கீரு? யாருவே சொன்னது?"

"சங்கத்துத் தாள்ல போட்டிருக்கே அண்ணாச்சி!"

"எங்க அந்தத் தாளு?"

ராஜகுமாரி அடுப்பை மறைத்துக்கொண்டு நின்றாள். ஞானதுரை போனில் எடுத்துக் காட்டினார். வேல்சாமியின் கழுத்து நரம்பு புடைத்தது. அதற்குள் ஞானதுரை குனிந்து நாயைத் தடவினார். முதுகு, இடுப்பு, வால். கை வெள்ளையாகிவிட்டது.

"என்ன அண்ணாச்சி, வாலு ஒட்டுது?"

ராஜகுமாரி அடுப்பை விட்டு ஓடி வந்தாள்.

"துட்டி கேக்க வந்த ஆளு வாலைப் பிடிச்சு ஆராய்ச்சி பண்ணுதீரா?" என்று வேல்சாமி போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. "ஒம்ம வீட்டுக்கு வந்து நான் எந்த வாலையாவது பிடிச்சனா? மாலையைத் தூக்கிட்டு நடையக் கட்டும்வே!"

ஞானதுரை நடையைக் கட்டினார். இந்த மனுசனுக்கு இந்தப் பாழாய்ப்போன கோபத்தைக் கொடுத்த கடவுளுக்கு ராஜகுமாரி முதன்முறையாக நன்றி சொன்னாள்.

மத்தியானம் வேல்சாமி கண்ணயர்ந்ததும், செயலாளர் ஆனந்த்சங்கரின் ஜெராக்ஸ் கடைக்குப் போனாள். நேர்மை என்றால் நேர்மை, அப்படி ஒரு ஆள் ஆனந்த்சங்கர். அதனாலேயே ஊரில் அவரை யாருக்கும் பிடிக்காது.

"தம்பி, அந்தச் செய்தி தப்பு. மாத்திப் போடுங்க."

"எப்படிக்கா தப்பு? நீங்க மாட்டாஸ்பத்திரியில அழுததை ரசீதா அக்கா கண்ணால பாத்திருக்காங்க. அவங்க நாய்க்கு ஊசி போட வந்தப்போ."

ராஜகுமாரி யோசித்தாள். யோசித்திருக்கவே கூடாது.

"அது... தெருநாய் தம்பி. பாவமேன்னு தூக்கிட்டுப் போனேன்."

"தெருநாய்க்கா அப்படி நெஞ்சுல அடிச்சு அழுதீங்க?"

"ஏன், தெருநாய்க்கு அழக் கூடாதா? நாட்டு நாய்ச் சங்கம்னு போர்டு மட்டும் வைக்கத் தெரியுது!" என்று கத்திவிட்டு வந்தாள். வேல்சாமியின் சத்தம் அவளுக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது.

சாயங்காலமே சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் மறுப்பு வந்துவிட்டது:

'விசில் மறையவில்லை எனவும், மறைந்தது தெருநாய் எனவும் திருமதி ராஜகுமாரி தெரிவிக்கிறார். உண்மையை அறியும் பொருட்டு, ஞாயிறன்று கண்காட்சிக்கு வரும் நாய்கள் அனைத்துக்கும் சிப் பரிசோதனை நடைபெறும்.'

விசிலின் கழுத்துத் தோலுக்குள் போன வருஷ முகாமில் சங்கமே ஒரு சிப் வைத்திருந்தது, அரிசி அளவில். மெஷினைக் காட்டினால் நம்பர் வரும். சொக்கனின் கழுத்தில் உண்ணியைத் தவிர ஒன்றும் கிடையாது.

"நம்ம எதுக்குங்க அங்கன போகணும்? பரிசு ஏற்கெனவே ஒண்ணு இருக்குல்லா?" என்று ராஜகுமாரி மெதுவாகக் கேட்டாள்.

"போகலைன்னா ஊர்ல என்ன பேசுவான்? வேல்சாமி பொண்டாட்டி பொய் சொல்லிட்டாம்பான். என் பொண்டாட்டியைப் பொய்க்காரிங்க எவனுக்குட்டி தைரியம் இருக்கு?" மேசையில் ஓங்கிக் குத்தினார். காபி தம்ளர் துள்ளிக் கவிழ்ந்தது.

அவருடைய நெஞ்சை நினைத்து அவளுக்குப் பயம். ஆனந்த்சங்கரை நினைத்துக் கோபம். தன்னை நினைத்தால் அதைவிடக் கோபம்.

வெள்ளிக்கிழமை சொக்கனின் முன்னங்காலில் மஞ்சளைக் குழைத்துப் பூசித் துணி சுற்றினாள்.

"கால் சுளுக்கிட்டுங்க. ஞாயித்துக்கிழமை நடக்கவே நடக்காது."

அந்த நேரம் பார்த்து மதிலில் ஒரு பூனை போயிற்று. சுளுக்கின கால் நாலு பாய்ச்சலில் மதிலைத் தாண்டித் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தது. துணி எங்கேயோ விழுந்துவிட்டது.

"நல்ல சுளுக்குதான்" என்றார் வேல்சாமி. "ஞாயித்துக்கிழமை எப்படியும் இது தாங்கும். பின்ன என்ன, போவோம்."

ஞாயிறும் வந்தது. திருவேங்கடம் ரோட்டு மைதானத்தில் அறுபது எழுபது நாய்கள். சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை, ராஜபாளையம் எல்லாம் சுடுமண்ணில் வரிசையாக நின்று நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தன. வரிசையின் தலைமாட்டில் டாக்டர் அனு, சின்னப் பெண், கையில் மெஷினோடு ஒவ்வொரு நாயாகக் கழுத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தாள். பக்கத்தில் நோட்டும் பேனாவுமாக ஆனந்த்சங்கர்.

ஒரு நாய்க்கு 'பீப்'. அடுத்ததற்கும் 'பீப்'. சொக்கன் எட்டாவது.

ஐந்தாவது நாய் முடிந்தபோது ராஜகுமாரி நாயின் கயிற்றை இறுக்கிப் பிடித்தாள். ஆறாவது முடிந்தபோது, ஊர் முன்னால் அவருக்குத் தெரிவதைவிட நம் வாயாலேயே தெரியட்டும் என்று முடிவுசெய்தாள்.

"ஏங்க... ஒண்ணு சொல்லணும்."

"பேசாம இருட்டி!"

"இல்லங்க, நம்ம விசில்..."

"ஏ ஆனந்த்சங்கரு!" வேல்சாமியின் குரல் மைதானத்தின் மைக்கை அமுக்கிவிட்டது. "இங்கன வாரும்வே! அது என்னது, அந்தப் பந்தலுக்குள்ள?"

எல்லாரும் திரும்பினார்கள். துணிப்பந்தலுக்குள் சிறப்பு விருந்தினர்கள் கொண்டுவந்த பக், பொமரேனியன், லாப்ரடார். மூன்றும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தன. எதிரே ஏர்கூலர் ஓடியது.

"அது... விருந்தினர்களோட நாய் அண்ணாச்சி."

"சங்கத்துப் பேரு என்ன? நாட்டு நாய்ச் சங்கம்! நாட்டு நாய்க்கு வெயிலு, வந்த நாய்க்குக் கூலரா? வெறுங்காலை இந்த மண்ணுல வச்சுப் பாரும்வே! செருப்பைக் கழட்டும்! கழட்டும்ங்கேன்!"

"அண்ணாச்சி, முதல்ல உங்க நாய்க்குச் சிப் மட்டும் பாத்துட்டு..."

"சிப்பு! வெயில்ல சாகப்போற நாய்க்குச் சிப்பு எதுக்குவே? செத்தப்புறம் உம்ம தாள்ல கட்டம் கட்டிப் போடவா?"

மைதானம் சிரித்தது. சிரித்த கையோடு கோபமும் பட்டது. "அண்ணாச்சி கேக்கது நியாயம்தானே!" என்று கோம்பைக்காரர் ஒருவர் கத்தினார். மாலை கொண்டுவந்து அசிங்கப்பட்ட ஞானதுரையே, "ஆமா, என் நாய்க்குக் காலு வெந்துட்டு!" என்றார். டாக்டர் அனு குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தாள். மெஷினை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

"அவர் சொல்றது சரிதான் சார். இந்தச் சூட்டுல எந்த நாயையும் நிறுத்தக் கூடாது. இன்னைக்கு வேண்டாம்."

வேல்சாமி நாயின் கழுத்தில் கிடந்த எண் அட்டையை அறுத்து ஆனந்த்சங்கரின் நோட்டின் மேல் எறிந்தார்.

"என் நாய் இனிமே உங்க சங்கத்துல இல்ல. நானும் இல்ல. செய்தியில போட்டுக்கிடும்!"

அவர் நடந்தார். அவர் பின்னால் ஒருவர், இருவர், பத்துப்பேர் என்று நாயும் ஆளுமாக வெளியே வந்துவிட்டார்கள். பந்தலில் பக் மட்டும் கூலரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

ராஜகுமாரிக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. மூன்றாவதாகக் கோபமும் வந்தது. நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த மனுசன் இப்படியா கத்துவது?

வேல்சாமி நாய்க்குத் தண்ணீர் வாங்க ரோட்டைத் தாண்டிப் போனார். சொக்கன் கயிற்றை இழுத்துக்கொண்டு ஒரு வேப்பமரத்தடிக்குப் பாய்ந்தது. அங்கே தன் கன்னி நாயோடு செல்லப்பா நின்றிருந்தார். நாய் அவர் தோளில் ரெண்டு காலையும் போட்டு முகத்தை நக்கித் தீர்த்தது.

ராஜகுமாரி ஓடிப்போய் கயிற்றைப் பிடித்தாள். அடக்கி வைத்ததெல்லாம் செல்லப்பா தலையில் இறங்கியது.

"நீரு ஏன் இங்கன வந்தீரு? அவரு கண்ணுல பட்டா என் பாடு என்னாகும்? இந்த மூணு மாசம் நான் பட்ட பாடு உமக்குத் தெரியுமா? வாலுக்குப் பாலிஷ் போட்டு, சாமி பேரச் சொல்லி நாயக் கூப்பிட்டு... யார்கிட்டயாவது வாயத் திறந்தீரா? உண்மையச் சொல்லும்!"

செல்லப்பா பாவம், நாயை விலக்கிவிட்டுக் கையைப் பிசைந்தார்.

"நான் எவன்கிட்டயும் சொல்லலக்கா. அண்ணாச்சிதான் ஆஸ்பத்திரியிலேருந்து வந்த மறுவாரமே எங்க தோட்டத்துக்கு வந்து, விசிலப் பொதைச்ச எடம் எதுன்னு கேட்டு, உக்காந்து அழுது தீத்துட்டு, 'எனக்குத் தெரியும்னு அவகிட்ட மட்டும் சொல்லிராத செல்லப்பா, எனக்காக இம்புட்டுப் பாடுபடுதா, அத எவனும் கெடுக்காம நான் பாத்துக்கிடுதேன்'னு சொல்லிட்டுப் போனாவ."

எந்திரிங்க, கண்ணுகளா, வீட்டுக்குப் போங்க. உங்கள் வீட்டுப் பானை நிறையட்டும், வாசலில் காவல் குறையாமல் இருக்கட்டும். உங்கள் வீட்டில் யாராவது கத்தினால் அது இப்படிப்பட்ட கத்தலாகவே இருக்கட்டும். நல்லா இருங்க.