ஆமான்னா ஒரு தட்டு

ஏசி ரிப்பேருக்கு வந்த இடத்தில் ஏசியைத் திட்டித் தீர்க்கிற ஏசிக்காரர், இந்த துபாய், ஷார்ஜா, அபுதாபி மூன்றையும் சல்லடை போட்டுச் சலித்தாலும் ஒருத்தர்தான் தேறுவார். அந்த ஒருத்தர் எங்கள் அல் குசைஸ் பில்டிங்குக்கு வந்து வாய்த்தார். அவருக்குப் பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். யாரும் கேட்கவில்லை. ஏசிக்காரர், அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் கீழே தையல் கடை வைத்திருப்பதால் அவரை 'டைலர் பாய்' என்பார். என்னை 'பாயம்மா' என்பார்.

ராமநாதபுரம் பக்கத்து ஆள். ஐம்பது வயதிருக்கும். ஏணி இல்லாமலே ஏசியை எட்டிவிடுகிற உயரம். காதிடுக்கில் எப்போதும் ஒரு ஸ்க்ரூடிரைவர். பேச ஆரம்பித்தால் பழைய ஜன்னல் ஏசி தோற்றுப்போகும். அதையாவது நிறுத்த ஒரு சுவிட்ச் உண்டு.

முதல் தடவை வந்தது ஒரு ஜூன் மாதம். ஹாலில் ஏசித் தண்ணீர் சோபா மேல் ஒழுகிக்கொண்டிருந்தது. எங்கள் ஜன்னல் எல்லாம் மேற்குப் பக்கம். மதியத்துக்கு மேல் கண்ணாடியில் கை வைத்தால் தோசைக்கல்தான். அதனால் கோடை வந்ததும் ஜன்னல் முழுக்க ஃபாயில் தாளை ஒட்டிவிடுவோம், சாப்பாட்டுப் பொட்டலம் கட்டுவோமே, அதேதான். எங்கள் பில்டிங்கில் எல்லா வீட்டிலும் இதே வழக்கம். ரோட்டிலிருந்து பார்த்தால் பிரியாணிப் பார்சலை அஞ்சு மாடிக்கு அடுக்கி வைத்த மாதிரி இருக்கும். உள்ளே காலையும் கிடையாது, மாலையும் கிடையாது. எந்நேரமும் டியூப் லைட்தான்.

வெளி ஆண்கள் யாராவது வந்தால் நான் உள் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். கறிக்கடையில்கூட வாயைத் திறக்காமல் விரலைக் காட்டியே வாங்கிவிடுவேன். அன்றைக்கும் கதவுக்குப் பின்னால்தான் இருந்தேன்.

பத்து நிமிஷத்தில் ஒழுகல் நின்றது. அவர் வாய் திறந்தது.

"பாய், இது வீடா, கோழி வைக்கிற கிடங்கா? அந்த ஃப்ரீசர்லகூட கதவத் திறந்தா லைட்டு எரியும். இங்க சூரியனுக்கே கதவ அடைச்சு வச்சிருக்கீக!"

'சர்ர்' என்று தாள் கிழிகிற சத்தம். என் வீட்டுக்காரர் பதறுகிறார். "ஏம்ப்பா, ஏம்ப்பா! வெயில் வந்துரும்!"

"வரட்டுமே. காலைல வர்ற வெளிச்சம் என்ன கடிக்கவா போகுது? மதியத்துக்கு மூடிக்கங்க. வீட்டுல வேற ஆள் இல்லையா?"

"இருக்கா. படுத்திருக்கா."

"மணி பதினொண்ணு ஆச்சே?"

"அத ஏன் கேக்குறீங்க. வருசா வருசம் ஜூன் பொறந்தா இதே கதைதான். விடியக்கால சுபுஹு தொழுதுட்டுப் படுத்தா மதியம் லுஹருக்குத்தான் எந்திரிப்பா. சோறாக்க மாட்டா. பெத்த புள்ளைங்க போன் பண்ணாலும் பேச மாட்டா. செப்டம்பர் கடைசில மந்திரம் போட்ட மாதிரி தானா சரியாயிரும். போன தடவையே பயந்துட்டேன். விசா முடிய ஒரு மாசம் இருக்கு. கேன்சல் பண்ணி ஊருக்கே அனுப்பிரலாம்னு இருக்கேன்."

கேன்சல் என்ற வார்த்தையை இங்கே யாரும் சும்மா சொல்ல மாட்டார்கள். விசாவை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊர் போவது அது. அவர் என்னிடம் அதுவரை சொல்லவேயில்லை.

எங்களுக்குக் கல்யாணமான நாற்பதாம் நாள் அவர் பிளேன் ஏறினார். ரெண்டு வருசத்துக்கு ஒரு தடவை, ரெண்டு மாசம் லீவு. இருபத்தாறு வருசம் இப்படி. சேர்ந்து இருந்த நாளையெல்லாம் கூட்டிப் பார்த்தால் ரெண்டு வருசம் சொச்சம் தேறும். ரெண்டு பெண்மக்களையும் கட்டிக் கொடுத்த பிறகுதான் நான் இங்கே வந்தேன். அவருக்கு டீயில் சீனி ஒன்றரைக் கரண்டி என்பதே எனக்கு இங்கே வந்துதான் தெரியும். மறுபடி அவர் இங்கே, நான் அங்கேயா? நான் படுத்துக் கிடப்பதைப் பார்க்க மாட்டாமல்தான் சொல்கிறார், அது புரிந்தது. 'போக மாட்டேன்' என்று சொல்லத்தான் எனக்கு வாயில்லை. அந்த மாதங்களில் வாய் என்ன, எனக்குக் கையும் காலும்கூடச் சொந்தம் இல்லை. அல்லாஹ் ஒரு குறையும் வைக்கவில்லையே, பிறகு எதற்கு இந்த அழுகை என்று அதற்கும் சேர்த்து அழுவேன்.

அப்போதுதான் கதவுக்கு அந்தப் பக்கம் ஏசிக்காரர் குரல் கேட்டது.

"பாயம்மா, நான் இங்கிட்டே நிக்கிறேன். நீங்க வெளிய வர வேணாம், பேசவும் வேணாம். நான் கேக்குறதுக்குக் கதவுல தட்டுங்க. ஆமான்னா ஒரு தட்டு, இல்லைன்னா ரெண்டு. சரியா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு தட்டு தட்டினேன்.

"எம்புட்டுத் தூங்குனாலும் அசதி போகலையா?"

ஒரு தட்டு.

"யாரையும் பாக்கப் பிடிக்கலையா?"

ஒரு தட்டு.

"அழுகை வருதா?"

கை உயர்ந்தது, அப்படியே நின்றது. வெளியே என் வீட்டுக்காரர், "சேச்சே, அதெல்லாம் இல்ல" என்றார். நான் ஒரு தட்டு தட்டினேன்.

ஏசி மூடியைத் திருப்பி மாட்டுகிற சத்தம் கேட்டது.

"எனக்கும் வந்துச்சு பாய்," என்றார் ஏசிக்காரர். "சவுதில, ஜுபைல்ல இருந்தப்ப. ராத்திரி டூட்டி, பகல்ல அட்டை அடைச்ச ரூம்புல தூக்கம். மூணு மாசம் சூரியன் மூஞ்சியப் பாக்கல. பொண்டாட்டி போன் பண்ணா எடுக்கப் பிடிக்கல. ஊருல எவனோ செய்வினை வச்சுட்டான்னு எங்க அம்மா மூணு கோயிலுக்குப் போச்சு. கடைசில கேம்ப் டாக்டருதான் கண்டுபிடிச்சாரு. நான் ஏசிக்குத்தான் டாக்டரு பாய். மனுசனுக்கு டாக்டர் வேற. மொதல்ல அங்க கூட்டிட்டுப் போங்க. கேன்சல அப்புறம் பேசுவம்."

கூட்டிப்போனார். டாக்டரம்மா நீளமாக ஒரு இங்கிலீஷ் பெயர் சொன்னார். என் அஞ்சாங்கிளாசில் அது நிற்கவில்லை. மற்றது நின்றது. "இது சோம்பேறித்தனம் இல்லம்மா. குளிர் நாடுகள்ல பனிக்காலத்துல வர்ற சோர்வு. இங்க வெயிலுக்குப் பயந்து உள்ளயே அடைஞ்சு கிடக்கிறதால சிலருக்குக் கோடையில வருது. உங்க மேல ஒரு தப்பும் இல்ல," என்றார். ரத்தம் எடுத்துப் பார்த்து மாத்திரை எழுதினார். காலை வெளிச்சத்தில் தினமும் நடக்க வேண்டும், ஒரே நேரத்துக்குப் படுத்து எழ வேண்டும், பகலில் படுக்கையைத் திரும்பிப் பார்க்கக் கூடாது, ஒரு ஆளோடாவது பேச வேண்டும். அடுத்த வருசம் மே மாசமே வந்து காட்டச் சொன்னார்.

சொல்வது சுலபம். சுபுஹு தொழுதுவிட்டு எழுந்தால் கட்டில் மாமியார் மாதிரி கூப்பிடும், போகாமல் இருக்க முடியாது. அதற்கும் ஏசிக்காரர் வழி வைத்திருந்தார். என் வீட்டுக்காரரிடம் என் நம்பரை வாங்கிக்கொண்டார்.

"காலைல அஞ்சரைக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பேன். பாயம்மா எடுக்க வேணாம், பேச வேணாம். கீழ எறங்கிட்டு எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்கட்டும். அதான் ஒரு தட்டு."

மறுநாள் அஞ்சரைக்கு ஒரு ரிங். நின்றது. நான் போர்வைக்குள் இருந்தேன். ஒரு நிமிஷம் கழித்து இன்னொரு ரிங். அப்புறம் இன்னொன்று. ஏழாவது ரிங்குக்கு என் வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்தார். "தாயே, உனக்காக இல்லன்னாலும் எனக்காக எந்திரி."

கீழே மணல் பார்க்கிங். கதவைத் திறந்து வெளியே கால் வைத்ததும் மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்து கண் மறைந்துவிடும். துடைத்துவிட்டுப் பார்த்தால் பெரிய லாரிக்குப் பின்னால் சூரியன் மஞ்சள் கரு மாதிரி எழும்பும். மூன்று சுற்று. ஒரு மிஸ்டு கால். முதல் வாரம் ஒன்றும் மாறவில்லை. ரெண்டாவது வாரம் ரசம் வைத்தேன். மூன்றாவது வாரம் அதில் உப்புப் போட்டேன். என் வீட்டுக்காரர் அன்றைக்கு ரெண்டு தடவை ஊற்றிக் குடித்தார்.

நான் ஒருத்தி மட்டும் இல்லை. ரெண்டாம் மாடியில் ஆறு பேச்சிலர் பையன்கள். ஏசி ஓடவில்லை என்று கூப்பிட்டார்கள். இவர் போய் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஜன்னல் ஃபாயிலைக் கிழித்தால்தான் மூடியைத் தருவாராம்.

"அண்ணே, வேகுதுண்ணே!"

"தம்பி, ஏசி நான் ஓட விடுறேன். ஜன்னல்ல வெளிச்சத்த நீ ஓட விடு. எட்டு மணிக்கு மேல போய் நில்லுன்னா சொன்னேன்? வத்தலாப் போயிருவ. காலைல அரை மணி நேரம்டா!"

பையன்கள் செருப்போடு அவரை மாடிப்படி முழுக்கத் துரத்தினார்கள். மறுநாள் காலை அதே ஆறு பேரும் லுங்கியோடு மணலில் சுற்றிக்கொண்டிருந்தார்கள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

விசா முடிய ஒரு வாரம் இருந்தது. நான் எழுந்து நடமாடுகிறேன் என்றாலும் என் வீட்டுக்காரர் விசா பேச்சை எடுக்கவில்லை. அலமாரிக்கு மேலே இருந்த என் பெட்டியை ஒரு நாள் இறக்கித் தூசி தட்டி வைத்தார். நான் பார்த்தேன். கேட்கவில்லை.

அந்த வாரம்தான் அஞ்சரை மணி ரிங் நின்றுபோனது. முதல் நாள், அசந்திருப்பார் என்று நினைத்தேன். ரெண்டாவது நாளும் வரவில்லை. மூன்றாவது நாள் காலை நானே மிஸ்டு கால் கொடுத்தேன். போன் ஆஃப். என் வீட்டுக்காரர் அவர் கம்பெனியில் விசாரித்தார். கோடை வேலை அதிகம் என்று மூன்று வாரமாக ராத்திரி டூட்டியாம். ரெண்டு நாளாக ஆளே வரவில்லையாம்.

"மச்சான், வாங்க போவோம்," என்றேன்.

"நீயா?" என்றார். அவர் ஆச்சரியப்பட்டது சரிதான்.

பத்து நிமிஷ டாக்ஸி. பழைய பில்டிங்கில் ஆறு பேர் தங்கும் ரூம். மற்றவர்கள் டூட்டிக்குப் போயிருந்தார்கள். என் வீட்டுக்காரர் தட்டினார், கூப்பிட்டார். உள்ளே கட்டில் கிறீச்சிட்டது, பதில் இல்லை. கதவுக்குக் கிட்டே போனேன்.

"ஏசிக்காரரே! பாயம்மா வந்திருக்கேன். நீங்க வெளிய வர வேணாம். பேச வேணாம். ஆமான்னா ஒரு தட்டு, இல்லன்னா ரெண்டு."

ரொம்ப நேரம் கழித்து, ஒரு தட்டு.

"அது திரும்ப வந்துருச்சா?"

ஒரு தட்டு.

"சாப்பிட்டீங்களா?"

ரெண்டு தட்டு.

"ஜன்னல்ல ஃபாயில் ஒட்டியிருக்கா?"

சத்தமே இல்லை. என் வீட்டுக்காரர் கதவில் காதை வைத்தார். மெல்ல, வெட்கப்பட்ட மாதிரி ஒரு தட்டு.

"ஒரு அடுக்கா, ரெண்டு அடுக்கா?" என்று நான் அதட்டினேன்.

கதவு திறந்தது. தாடியும் கலைந்த தலையுமாக நின்றார். காதிடுக்கில் ஸ்க்ரூடிரைவர் இல்லை, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"பாயம்மா," என்றார். "உங்களுக்கு இம்புட்டுப் பெரிய சத்தமா இருக்கு?"

அதே டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனோம். அவர் கொடுத்த சீட்டைக் காட்டிக் கம்பெனியில் பகல் டூட்டி வாங்கினார். பதினஞ்சு நாள் காலையில் நான்தான் அவருக்கு மிஸ்டு கால் கொடுத்தேன். சாப்பாட்டுக் கேரியரும் போனது.

அவரை டாக்டரம்மாவிடம் காட்டிவிட்டு அன்றைக்கு டாக்ஸியில் திரும்பும்போது என் வீட்டுக்காரர் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்: "நாளைக்கே உன் விசாவப் புதுசா அடிக்கக் கொடுத்துர்றேன். நீ போயிட்டா இந்த ஊர்ல யாரு யார எழுப்புறது?"

"நான் போறேன்னு எப்ப சொன்னேன்?" என்றேன். சத்தம் நிஜமாகவே பெரிதாகத்தான் இருந்தது. டாக்ஸிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

இப்போது ஏசிக்காரர் மறுபடி ஜுபைலில் வேலை பார்க்கிறார். பகல் டூட்டிதான். அங்கேயும் எத்தனை ஜன்னலைக் கிழித்தாரோ, எத்தனை செருப்பு பறந்ததோ. நாங்கள் போனில் பேசிக்கொள்வதில்லை. பேசினால் என்ன பேசுவது, எனக்குக் கூச்சம்.

காலை அஞ்சரைக்கு ஒரு ரிங் வரும். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்குவேன். ஜுபைலில் அப்போது மணி நாலரை. அவருடைய சூரியன் எழும்ப இன்னும் நேரம் கிடக்கிறது.