பொகை நைனாவும் சுகந்தியின் கரப்பானும்

அம்பத்தூர் முழுக்கத் தேடினாலும் பொகை நைனாவின் ஆட்டோ அளவுக்குப் புகை கக்கிய வண்டி கிடைத்திருக்காது. அதே அம்பத்தூரில் புகையை அவரளவுக்கு வெறுத்த மனிதரும் கிடைத்திருக்க மாட்டார். இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்ததற்குக் காரணம் என் மகள் சுகந்தியின் தோல்.

எண்பதுகளின் கடைசி அது. என் கணவருக்கு ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் வேலை. குவார்ட்டர்ஸ் கிடைக்கும்வரை அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு தெருவில் வாடகைக்கு இருந்தோம். திருநெல்வேலியிலிருந்து வந்த எங்களுக்கு அங்கே ஒருவரையும் தெரியாது. சுகந்திக்கு இரண்டு வயது. முழங்கை மடிப்பு, முழங்கால் மடிப்பு, கன்னம் எல்லாம் கரப்பான். டாக்டர் எக்ஸிமா என்று சொன்ன பிறகும் எங்கள் வீட்டில் அது கரப்பான்தான். காலையில் கண் விழித்ததும் அவள் தலையணை உறையைத்தான் பார்ப்பேன். ரத்தப் புள்ளி இல்லையென்றால் அது நல்ல நாள்.

ஜன்னலைச் சாத்தினால் புழுங்கும், வியர்த்துச் சொறிவாள். திறந்தால் தொழிற்பேட்டைப் புகையும் லாரிப் புழுதியும் வரும், அதற்கும் சொறிவாள். நாள் முழுக்க நான் ஜன்னலைத் திறந்து திறந்து சாத்திக்கொண்டிருந்தேன்.

எதிர்வீட்டில் குடியிருந்த ஆட்டோக்காரர்தான் பொகை நைனா. நாற்பது வயதிருக்கும், தனி ஆள். அவருடைய வண்டியின் லட்சணத்தைப் பார்த்துத் தெரு வைத்த பெயர் அது. சொந்தப் பெயர் என்னவென்று கேட்டால் அவரே கொஞ்சம் யோசிப்பார். ஒருநாள் அவர் வண்டியில் டாக்டரிடம் போனோம். வாசலில் காத்திருக்க வேண்டியவர் உள்ளே வந்து, பெண்ணைப் பெற்றவர் மாதிரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“பனிக்காலத்துல தோல் காஞ்சு அரிக்கும். வெயில்ல வேர்வை பட்டு அரிக்கும். தூசி, புகை எதுவும் ஒத்துக்காது” என்றார் டாக்டர்.

“இன்னா சார் சொன்ன, பொகையா?”

“புகையும்தான்.”

அந்த ‘உம்’ நைனாவின் காதில் விழவே இல்லை. திரும்பும்போது தெருமுனை வந்ததும் இஞ்சினை அணைத்தார். இறங்கினார். எங்களை உள்ளே வைத்தபடியே வீடுவரை தள்ளிக்கொண்டு வந்தார்.

மறுநாளிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. காலையில் வண்டியைத் தெருமுனைக்குத் தள்ளிப் போய்த்தான் ஸ்டார்ட் செய்வார். சவாரி இருந்தாலும் அப்படித்தான். ஊரிலிருந்து வந்திருந்த என் கணவரின் பெரியப்பாவை ஸ்டேஷனுக்கு ஏற்றிக்கொண்டு தள்ள ஆரம்பித்தார்.

“வண்டி ரிப்பேராப்பா?”

“வண்டிக்கு இன்னா சார், ஷோக்கா கீது. கொயந்த ஊடு தாண்டட்டும்.”

பெரியப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. இறங்கி அவரும் தள்ளினார்.

அடுத்து நைனா தெருவைத் திருத்தக் கிளம்பினார். மூலைவீட்டம்மா குப்பைக்குத் தீ வைத்தால் வாளித் தண்ணீரோடு போய் நிற்பார். டீக்கடைக்காரரிடம் விறகு அடுப்பைக் கடைக்குப் பின்பக்கம் மாற்றச் சொல்லி, மாற்றும்வரை டீ குடிக்க மாட்டேன் என்று உண்ணாவிரதம் இருந்தார். இரண்டு வேளைக்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுச் சாம்பிராணி வாசனை பட்டதும் கதவைத் தட்டினார்.

“யம்மா, சாமிக்குப் பூ மட்டும் போடு. கோச்சிக்கினா எம்பேரச் சொல்லு.”

“சாமிக்கு உங்க பேரு தெரியுமா அண்ணே?”

“பொகை நைனான்னு சொல்லு. தெரியும்.”

தொழிற்பேட்டையில் இரும்பு வார்க்கும் ஒரு கம்பெனிக்கும் போனார். காற்று எங்கள் பக்கம் அடிக்கும்போது மட்டும் புகைபோக்கியை நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்கிறார். வாட்ச்மேன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “மொதலாளி வந்தா சொல்றேன் அண்ணாத்தே” என்று அனுப்பி வைத்தாராம். முதலாளி நல்லவர் போலிருக்கிறது, யோசிக்கிறார் என்று நைனா எனக்கு ஆறுதல் சொன்னார்.

சிரிப்பேன். ஆனால் மார்கழி பிறந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. பனியில் சுகந்தியின் தோல் வெடித்தது. எண்ணெய் தடவினால் எரிகிறது என்று அலறினாள். கைக்குச் சாக்ஸ் மாட்டினோம், பல்லால் கழற்றினாள். இந்த நிலையில் போகி வேறு வந்தது. பின்பக்கத்துக் காலி மனையில் பையன்கள் பழைய டயர்களைக் குவித்துக்கொண்டிருந்தார்கள். நைனா போய்க் கெஞ்சினார்.

“வருசத்துக்கு ஒரு நாள் நைனா. உன் வண்டி டெய்லி போகி கொளுத்துது, அத்த யாரு கேட்டா?” என்று ஒருவன் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

போகிக்கு முதல் நாள் மத்தியானம் என்னையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு வெள்ளானூரில் இருந்த தன் அக்கா வீட்டுக்குப் போனார். “அங்க டயரும் இல்ல, கம்பெனியும் இல்ல. சுத்தமான காத்து” என்றார். அக்கா அன்பாகப் பார்த்துக்கொண்டார். குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று வைக்கோல் பரப்பி, மேலே கம்பளி விரித்துப் படுக்கை போட்டார்.

விடிந்தபோது சுகந்தியின் உடம்பு முழுக்கச் சிவந்து தடித்திருந்தது. முழங்கை மடிப்பில் நீர் வடிந்தது. தொட்டால் காய்ச்சல். நைனா எட்டிப் பார்த்தார். ஓடிப்போய் ஆட்டோவைக் கிளப்பும் கம்பியைப் பிடித்தவர் அப்படியே நின்றார்.

“இத்த எப்டிமா ஸ்டார்ட் பண்ணுவேன்? பொகை வருமே.”

“கொயந்த கெடக்கிற கெடைக்கு இன்னாடா யோசன?” என்று அக்கா அதட்டினார். நைனா கேட்கவில்லை. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, சுகந்தியை என்னிடமிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

பஸ் ஆவடியை நெருங்கியபோது சாலை தெரியவில்லை. எங்கும் டயர் புகை. குழந்தையை என் மடியில் கொடுத்துவிட்டு, நைனா முதல் சீட்டிலிருந்து ஒவ்வொரு ஜன்னலாக ஷட்டரை இறக்கிக்கொண்டே போனார். ஒருவர் கை நசுங்கியதென்று கத்தினார். “யோவ், மூச்சு முட்டுதுய்யா” என்றார் இன்னொருவர். நைனா யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. “பாப்பாக்கு வொடம்பு சரியில்ல, பாப்பாக்கு வொடம்பு சரியில்ல” என்று அழுகிற குரலில் சொல்லிக்கொண்டே கடைசி ஜன்னல்வரை போனார். இருட்டில், இருமல்களுக்கு நடுவே, நான் சுகந்தியின் கைகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிடியைத் தளர்த்தினால் சொறிவாள், இறுக்கினால் வலிக்கும்.

டாக்டர் பார்த்துவிட்டு, சொறிந்த இடத்தில் சீழ் பிடித்திருக்கிறது, மருந்தில் சரியாகிவிடும் என்றார்.

“நான் இட்டுகினு போனதாலயா சார்?” என்று கேட்டார் நைனா.

“வைக்கோல் ஒத்துக்கல, கம்பளி உறுத்தியிருக்கு, பனியும் அதிகம். இங்கயே இருந்திருந்தா புகையில வந்திருக்கும். இந்தத் தோலுக்கு எல்லாமே சாக்குதான். யாரு மேலயும் தப்பு இல்ல.”

நைனா வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் போய், “பயப்படாதீங்க அண்ணே, சரியாயிடும்னு சொல்லிட்டாரு” என்றேன். எனக்கு ஆறுதல் சொல்ல ஆள் வேண்டியிருந்த நேரத்தில் நான் அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பொங்கல் கழிந்த வாரத்தில் புண் ஆறியது. குளிப்பாட்டி ஈரம் காயும்முன் களிம்பு தடவப் பழகிக்கொண்டோம். அடுத்த வருடம் ஆவடியில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. அங்கேயும் பனி உண்டு, புழுதி உண்டு, கரப்பானும் வந்தது. ஆனால் வருடத்துக்கு வருடம் குறைந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நைனா வருவார். சுகந்தியின் கையைத் திருப்பி மடிப்பைப் பார்த்த பிறகுதான் காபியை வாயில் வைப்பார்.

தோல் அமைதியாகும்வரை காது குத்த வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளுக்கு ஆறு வயதானபோது ஒருவழியாகச் செய்தோம். தாய்மாமன் மடியில் உட்கார வைக்க வேண்டும், மாமா எங்கே என்று ஆசாரி கேட்டார். நான் ஒரே பெண். கூடப்பிறந்தவர்கள் கிடையாது. என் கணவர் வாசலைப் பார்த்தார். புதுச் சட்டையில், வியர்த்து நின்றுகொண்டிருந்த நைனாவைக் கையைப் பிடித்து அழைத்து வந்து உட்கார வைத்தார்.

ஊசி பட்டதும் அலறியது நைனாதான். சுகந்தி அவர் கன்னத்தைத் தடவி, “ஒண்ணுமில்ல மாமா” என்றாள்.

எனக்கு அண்ணன் இல்லையே என்று அதற்குப் பிறகு நான் யாரிடமும் சொன்னதில்லை.