காவிரியில் குளித்த கார்

மெக்கானிக்கல் படித்தவனுக்குக் கார் தெரியும் என்று நம்புகிறவர்கள் இருக்கும்வரை இந்த நாட்டில் விபரீதங்களுக்குப் பஞ்சமே வராது. நான் படித்ததும் மெக்கானிக்கல்தான். ஆனால் மைசூர் ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் நாள் முழுக்கத் திருகாணி அளப்பது என் உத்தியோகம். (அதிலும் ஒரே சைஸ் திருகாணி.) நளினியின் அப்பா அதையெல்லாம் விசாரிக்கவில்லை. ரயில்வே காலனி முழுக்க "மாப்பிள்ளை இன்ஜினியர்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மாநிலத்துக்குக் கர்நாடகம் என்று பெயர் வைத்த புதிது. விஜயதசமியன்று பெங்களூரில், நளினியின் பெரியப்பா வீட்டில், எங்களுக்கு நிச்சயதார்த்தம். காலை பதினொன்றுக்குள் தட்டு மாற்ற வேண்டும். என் அப்பாவும் அம்மாவும் முன்கூட்டியே அங்கே போய்விட்டார்கள்.

"நீ எதுக்குப்பா பஸ்ல? சும்னே நம்ம கார்லயே வா" என்றார் மாமா, அதாவது நளினியின் அப்பா, பாதி கன்னடம் கலந்த தமிழில்.

முதல் நாள் ஆயுத பூஜை. மாமனார் மெச்ச வேண்டுமே! காரை நானே கழுவித் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டு ஸ்ரீரங்கப்பட்டணம் போனேன். காவிரிக்கரையில் வண்டிகள் வரிசையாக நின்றன. மற்றவர்கள் கரையில் நிறுத்தி வாளியில் மொண்டு ஊற்றினார்கள். நான் ஆற்றுக்குள்ளேயே இறக்கினேன். (வருங்கால மாமனார் காருக்கு வாளிக் குளியலா?) முன்சக்கரம் களிமண்ணில் பாதி புதைந்துபோனது. நாலு பேர் கன்னடத்தில் என்னை மனமார வாழ்த்திக்கொண்டே தள்ளி வெளியே எடுத்தார்கள். கண்ணுக்குத் தெரிந்த இடமெல்லாம் பளபளவென்று துடைத்துக் கொண்டுபோய் நிறுத்தினேன். மாமா பூரித்துப் போனார். நளினியின் அத்தை பூசணிக்காய் உடைத்தார். முன்னால் இரண்டு வாழைக்கன்று கட்டினோம்.

மறுநாள் காலை முன்சீட்டில் மாமாவும் நானும், பின்னால் அத்தையும் நளினியுமாகக் கிளம்பினோம். மண்டியா தாண்டி நல்ல ரோடு வந்ததும் மாமா வேகம் எடுத்தார். நாற்பது மைலைத் தொட்டதும் ஸ்டியரிங் நடுங்கியது. அப்புறம் என் பற்கள். அப்புறம் அத்தை மடியிலிருந்த தாம்பாளம். வேகத்தைக் குறைத்தால் எல்லாம் அடங்கிவிடும். கூட்டினால் மறுபடியும் ஆட்டம்.

"இதேனப்பா இது?" என்று மாமா என்னைப் பார்த்தார்.

"விடுங்க மாமா, நான் பாத்துக்கறேன்."

"நான் அப்பவே சொன்னேன், பூசணிக்காய் சரியா உடையலைன்னு. திருஷ்டிதான்" என்றார் அத்தை.

நான் விஞ்ஞானபூர்வமாகச் சிரித்தேன். வாழைக்கன்றில் காற்று மோதுவதுதான் காரணம் என்று விளக்கி, கன்றுகளை அவிழ்த்து வழியில் நின்ற மாட்டுக்குப் போட்டேன். மாட்டுக்குத் திருப்தி. கார் ஆடியது. எடை சமமாக இல்லை என்று கண்டுபிடித்து, அத்தையை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு மாற்றினேன்.

"நான் என்ன அரிசி மூட்டையா?" என்றார் அத்தை. இப்போது காரோடு அவரும் கோபத்தில் ஆடினார்.

கடைசியில் மத்தூர் அருகே பானெட்டைத் திறந்தேன். பிளக்குகளைக் கழற்றி, பக்தியோடு ஊதி, வயர்களைத் திரும்ப மாட்டினேன். எந்த வயர் எந்த பிளக்குக்கு என்பது அந்தக் கணத்தில் மறந்துபோனது. அதுவரை ஒரு குறையும் இல்லாமல் ஓடிய எஞ்சின் இரண்டு முறை தும்மிவிட்டு நின்றேபோனது.

நளினி கீழே இறங்கினாள். அதுவரை என்னோடு நாலு வார்த்தைகூடப் பேசாத பெண்.

"முப்பதுல போனா ஆடலை இல்லையா? அப்படியே போயிருந்தா இந்நேரம் ராமநகரம் தாண்டியிருப்போம்."

எனக்கு இது தோன்றவே இல்லை.

"கோளாறு எஞ்சின்லன்னா நிக்கறப்போ ரேஸ் குடுத்தாலும் ஆடணுமே. ஆடுச்சா?"

"இல்லை."

"அப்போ சக்கரம்தானே?"

பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்தாள். முன்சக்கரத்தின் உள்பக்கம் கையை விட்டுத் துழாவி, தேங்காய் அளவுக்குக் காய்ந்த களிமண்ணைப் பெயர்த்து எடுத்தாள்.

"ஒரு பக்கமா இவ்வளவு ஒட்டியிருந்தா ஆடாம என்ன செய்யும்? இது எந்த ஊர் மண்ணு?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஸ்ரீரங்கப்பட்டணம்" என்றேன். கல்யாணம் அவ்வளவுதான். அந்தப் பெண்ணை இழக்கக்கூடாது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"பேடாம்மா, இந்தச் சம்பந்தமே நமக்கு வேண்டாம்" என்று மாமா கத்தினார். "கழுவச் சொன்னா கவுக்கறான்!"

நளினி கையைத் தட்டிக்கொண்டாள். "இருக்கட்டும்ப்பா. இவர் பண்ற தப்பெல்லாம் சக்கரத்துலயே ஒட்டிக்கிட்டு வரும். கண்டுபிடிக்கறது சுலபம்."

முதலில் சிரித்தது அத்தைதான். அப்புறம் வேறு வழியில்லாமல் மாமாவும் சிரித்தார். காரை ஒரு மாட்டு வண்டியின் பின்னால் கட்டி மத்தூருக்கு அனுப்பிவிட்டு, தாம்பாளத்தோடு பஸ் ஏறினோம். போய்ச் சேரும்போது பதினொன்று எப்போதோ தாண்டியிருந்தது. "விஜயதசமிக்கு நேரம் என்னய்யா நேரம், நாள் முழுக்க நல்லதுதான்" என்று பெரியப்பா தட்டை மாற்றிவிட்டார்.

இன்றைக்கும் ஆயுத பூஜையன்று கார் சாவி என் கைக்கு வராது. அதுகூடப் பரவாயில்லை. ஏதாவது ஒன்றுக்கு எனக்குக் கோபம் வந்து, கை கால் நடுங்க வீடு அதிரக் கத்தினால் போதும். நளினி மெதுவாகக் குனிந்து என் காலடியைப் பார்க்கிறாள்.

"இது எந்த ஊர் மண்ணு?"